மாசாமாசம் ஒழுங்கா கட்டேலாத ஆக்களுக்கு எந்த பென்சன் சரிவரும்?

படப்பெட்டி:

வணக்கம். கனநாளா கேக்கவேணும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்த விசயம். இண்டைக்கு கரண்ட் இல்லை, எடிற்றிங் செய்யேலாது, அதால போனில இருந்து எழுதுறன், நீண்டு போச்செண்டா குறை நினைக்காதேங்கோ.

எனக்கு 38 வயசு, கொக்குவில் பக்கம். தொழில் போட்டோவும் வீடியோவும். கலியாணவீடு, சாமத்தியவீடு, வீடு குடிபூரல் எல்லாம் எடுப்பன். தை பிறந்தா கிழமைக்கு ரெண்டு கலியாணம், சாப்பிட நேரமிராது. ஆவணியில வெளிநாட்டு ஆக்கள் வந்து நிக்கேக்க ட்ரோன், அல்பம், பெரிய ஸ்கிரீன் எண்டு ஒரு சாமத்தியவீட்டிலயே நல்ல காசு பாக்கலாம். ஆடியும் மார்கழியும் வந்தா கமரா பையை விட்டு வெளிய வராது, பூஞ்சணம் பிடிக்காம இருக்க இடைக்கிட எடுத்து துடைச்சு வைப்பன் அவ்வளவுதான். போன வருசம் கொப்பியில எழுதிக் கூட்டிப் பாத்தன், செலவு போக 14 லட்சத்துக்கு கிட்ட வந்திருக்கு, அதில 9 லட்சம் நாலே நாலு மாசத்துக்குள்ள வந்தது.

அப்பா வாத்தியாரா இருந்தவர், பென்சன் வருது, அம்மாவும் அவரும் எங்களிட்ட ஒரு சதம் கேக்கிறேல்ல. எனக்கு அப்பிடி ஒண்டும் இல்ல. 60 வயசில கமராவைத் தூக்கிக்கொண்டு மணவறையைச் சுத்தி ஓடேலுமோ? இப்பவே நாரி நோகுது.

முந்தி ஒரு பிழை விட்டனான், அதையும் சொல்லுறன். 2019 மாசியில ஒரு இன்சூரன்ஸ் கொம்பனியில பென்சன் பொலிசி ஒண்டு போட்டன், மாசம் 6,000. ஏஜென்ற் சொந்தக்காரப் பெடியன், வீட்ட வந்து தேத்தண்ணி குடிச்சு ஒரு மணித்தியாலம் கதைச்சவன், 20 வருசத்தால எவ்வளவு வரும் எண்டு கலர் பேப்பரில அடிச்சுக் காட்டினவன், ஆனா கட்டாம விட்டா என்ன நடக்கும் எண்டு அவனும் சொல்லேல்ல நானும் கேக்கேல்ல. 2020 பங்குனியில கேர்பியூ, எல்லாக் கலியாணமும் நிண்டு போச்சு, அட்வான்ஸ் வாங்கின காசையும் திருப்பிக் குடுத்தன். மூண்டு மாசம் கட்டேல்ல, பொலிசி லாப்ஸ், செல்லாமப் போச்சு. 13 மாசம் கட்டின 78,000 உம் போனது போனதுதான், மூண்டு வருசம் முடியாம சரண்டர் காசு, இடையில விட்டா திருப்பித் தாற காசு, இல்லையாம்.

இப்ப மனிசி திரும்ப ஏதும் தொடங்கச் சொல்லி நிக்கிறா. ஒராள் சமூகப் பாதுகாப்புச் சபை பென்சன் எண்டுறார், ஒராள் பாங்கில எஃப்டி (நிலையான வைப்பு) எண்டுறார், மச்சான் சீட்டு எண்டுறான், வேற ஒரு ஏஜென்ற் வந்து "இது ஃப்ளெக்சிபிள் அண்ணை" எண்டுறான். எனக்கு வேண்டியது இதுதான்: காசு வாற நேரம் கூடக் கட்டவேணும், வராத நேரம் கட்டாட்டிலும் தண்டம் இருக்கக்கூடாது. அப்பிடி ஒண்டு எங்கட நாட்டில இருக்கோ?

சுழியன்_சுன்னாகம்:

கனடாவில அண்ணன் ஆரும் இருந்தா அதுதான் பென்சன் மச்சான் 😄

படப்பெட்டி:

இருந்தவர். இப்ப அவருக்கே ரெண்டு வேலை, வீட்டு மோர்ட்கேஜ் கூடிப்போச்செண்டு அழுறார். அந்தக் கதையை விடுங்கோ.

கணக்குப்பிள்ளை:

தம்பி, நான் ஒரு கடையில கணக்கு எழுதுறனான், ஆலோசகர் கீலோசகர் இல்ல, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்.

நீர் கேள்வியைச் சரியா கேட்டிட்டீர். ஆனா 78,000 குடுத்துப் படிச்ச பாடம் அது. ஆர் எந்தத் திட்டத்தைக் கொண்டு வந்தாலும் 60 வயசில எவ்வளவு வரும் எண்டு முதல்ல கேக்கக்கூடாது, "ஆடி மாசம் நான் கட்டேல்ல எண்டால் என்ன நடக்கும்?" எண்டு கேக்கோணும். இதுக்கு ரெண்டு வசனத்தில பதில் சொல்லத் தெரியாதவனிட்ட காசு குடுக்காதேயும். நீர் சொன்ன எல்லாத்தையும் இந்தக் கேள்விக்குள்ளால விட்டுப் பாப்பம்.

ஈபிஎஃப், ஊழியர் சேமலாப நிதி, உமக்கு இல்ல. அது சம்பளம் வாங்கிற ஆக்களுக்கு, தொழிலாளி 8 வீதம் முதலாளி 12 வீதம், முதலாளி இல்லாத ஆள் அதுக்குள்ள போகேலாது. ஈரிஎஃப் எண்டுற ஊழியர் நம்பிக்கை நிதியில சுயதொழில் செய்யிறவையும் விரும்பினா சேரலாம், அது ஒருக்கா விசாரிச்சுப் பாரும், ஆனா அது மாசம் மாசம் வாற பென்சன் இல்ல, மொத்தமாத் தாற காசு. ஒண்டு கேக்கிறன், நீர் முந்தி எங்கயும் சம்பளத்துக்கு நிண்டனீரோ? ஸ்ரூடியோ, கடை ஏதும்? நிண்டிருந்தா அந்த ஈபிஎஃப் காசு இன்னும் உம்மட பேரில கிடக்கும், வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும், கன பெடியள் அதை மறந்து போய்க் கிடக்கிறாங்கள்.

சமூகப் பாதுகாப்புச் சபை எண்டது 1996 ஆம் ஆண்டு 17 ஆம் இலக்கச் சட்டத்தில வந்தது, அரசாங்கப் பென்சன் இல்லாத ஆக்களுக்குத்தான். எவ்வளவு பென்சன் வேணும் எண்டு நீர் தெரிவு செய்வீர், உம்மட வயசுக்கு எவ்வளவு கட்டவேணும் எண்டு அட்டவணை இருக்கு, 60 இல இருந்து சாகுமட்டும் வரும். மாசம் மாசம் எண்டில்ல, வருசத்துக்கு ஒருக்காவும் கட்டலாம், மொத்தமா ஒரேயடியாவும் கட்டலாம். அப்ப ஆடி மாசக் கேள்விக்கு இது பாதி பாஸ், தையில கட்டிப்போட்டு பேசாம இருக்கலாம். ஆனா பெரிய ஓட்டை ஒண்டு இருக்கு. அந்தப் பென்சன் ரூபாயில எழுதின தொகை. இண்டைக்கு 5,000 எண்டு எழுதினா 22 வருசத்தால வாறதும் அதே 5,000 தான். 2022 புரட்டாதியில விலைவாசி ஒரு வருசத்தில கிட்டத்தட்ட 70 வீதம் ஏறினதை மறந்திருக்க மாட்டீர், டொலர் 200 இல நிண்டது ரெண்டு மாசத்தில 350 ஐத் தாண்டினது. விவசாயிப் பென்சனைப் பாரும், 1987 ஆம் ஆண்டுச் சட்டம், 1,000 ரூபாயில தொடங்கிற பென்சன். அந்த நாளில 1,000 காசுதான், இப்ப ஒரு முறை பாமசிக்குப் போய்வரக் காணாது. அதுவும் நிதி முடிஞ்சு 2012, 2013 இல கொடுப்பனவு நிண்டு 2014 இல திரும்பத் தொடங்கினது. அதுக்காகச் சேராதேயும் எண்டு சொல்லேல்ல, சோத்துக்கு உப்பு மாதிரி அது ஒரு பக்கம் இருக்கட்டும், சோறு வேற இடத்தில தேடோணும்.

மிச்சத்தை இரவு எழுதுறன், முதலாளி பாக்கிறார்.

பழைய_வாத்தி:

பிள்ளையள் எல்லாரும் வட்டியும் வீதமும் கதைக்கிறியள். 95 ஐப்பசியில சண்டைக்குப் பயந்து ஒரே இரவில வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தது, நாவற்குழிப் பாலத்தில மழையில நிண்டனாங்கள். என்ர கையில பாங் புத்தகமும் இருந்தது, மனிசியிட கழுத்தில தாலிக்கொடியும் இருந்தது. சாவகச்சேரியில அரிசி வாங்கினது எதால எண்டு நினைக்கிறியள்? பவுண் வாங்கி வை தம்பி. காசு வாற மாசம் ஒரு பவுண், வராத மாசம் ஒண்டும் இல்ல. தண்டம் இல்ல, லாப்ஸ் இல்ல, ஏஜென்ற் இல்ல. 2019 இல பவுண் ஒரு லட்சத்துக்குக் கீழ நிண்டது, இப்ப மூண்டு லட்சத்தையும் தாண்டிட்டுது. எந்த பாங் இப்பிடித் தந்தது?

எனக்கு அரசாங்கப் பென்சன் இருக்கு, அதால சொல்லுறது லேசு எண்டு நினைப்பியள். பரவாயில்ல.

தையல்மெசின்:

ஐயா சொல்லுறது எனக்கு விளங்குது. ஆனா பவுணை நகையாத்தானே நாங்கள் வாங்கிறம், கூலி சேதாரம் எண்டு வாங்கேக்கயே ஒரு பங்கு போயிடும், விக்கேக்க அது திரும்ப வராது. பேந்து மகள் பெரியபிள்ளையானா அது அவவின்ர கழுத்துக்குப் போயிடும், எந்தத் தாய் "இது என்ர பென்சன்" எண்டு பிடிச்சு வைப்பா?

நான் சட்டை தைக்கிறனான், தீபாவளிக்கு முன்னமும் வருசப்பிறப்புக்கு முன்னமும்தான் காசு. சமூகப் பாதுகாப்புச் சபையில சேந்து நாலு வருசம். பிரதேச செயலகத்தில இதுக்கெண்டு ஒரு உத்தியோகத்தர் இருப்பார், ஐடி கொப்பி குடுத்து பதிஞ்சனான், ஒரு புத்தகம் தந்தவை. நான் தீபாவளி முடிஞ்ச கையோட ஒரு வருசத்துக்கும் சேத்துக் கட்டிப்போடுவன், பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கிறேல்ல. தொகை சின்னன் எண்டு அண்ணை சொன்னது சரிதான். ஆனா எனக்கு அந்தச் சின்னன் காசு என்ர பேரில வரும் எண்டதே பெரிய விசயம், மகனிட்ட மருந்துக்குக் காசு கேக்காமல் இருக்கலாமே.

மச்சான் சீட்டு எண்டு சொன்னா கேக்காதேங்கோ அண்ணை. எங்கட ஒழுங்கையில 20 பேர், மாசம் 10,000, கழிவுச் சீட்டு. முதல் மாசமே அவசரக்காரர் 40,000 கழிச்சு எடுத்தவை, நான் கடைசியா எடுத்தா முழுசா ரெண்டு லட்சமும் வரும் எண்டு பொறுத்திருந்தன். 14 ஆவது மாசம் சீட்டு நடத்தின தாச்சி வீட்டைப் பூட்டிப்போட்டு போயிட்டா. கேற்றில துவாய் காஞ்சுகொண்டிருந்தது, ஆள் இருக்கிறா எண்டுதான் நினைச்சு நாங்கள் ரெண்டு நாள் கூப்பிட்டுப் பாத்தனாங்கள். எழுத்தில ஒண்டும் இல்ல, பொலிசுக்குப் போயும் ஒண்டும் நடக்கேல்ல.

சீட்டு மாசம் தவறாமல் கட்டவும் வேணும், உங்கட ஆடி மாசத்துக்கு தாச்சி வாசலில வந்து நிப்பா. அதுவும் சரிவராது.

பொலிசி_பெடியன்:

எல்லாரும் ஏஜென்ற்மாரைத்தான் திட்டுவியள், நானும் ஒரு ஏஜென்ற் தான், உண்மையைச் சொல்லுறன் கேளுங்கோ.

அண்ணைக்கு நடந்தது பிழையான விற்பனை. சீசனுக்கு உழைக்கிற ஆளுக்கு மாசக் கட்டணப் பொலிசி போடவே கூடாது. முதல் வருசம் கட்டுற காசில பெரிய பங்கு கொமிசனுக்கும் கொம்பனிச் செலவுக்கும் போகும், அதாலதான் ஆரம்பத்தில விட்டா கையில ஒண்டும் மிஞ்சாது. இது ஒளிச்ச விசயம் இல்ல, பத்திரத்தில இருக்கு, ஆனா ஆரும் வாசிக்கிறேல்ல, நாங்களும் வாசிக்கச் சொல்லுறேல்ல.

இப்ப வந்தவன் ஃப்ளெக்சிபிள் எண்டு சொன்னா எது ஃப்ளெக்சிபிள் எண்டு கேளுங்கோ. கனக்க இடத்தில அதின்ர அர்த்தம் மேலதிகமா ரொப்அப் கட்டலாம் எண்டது மட்டும்தான், அடிப்படைக் கட்டணம் மாசம் மாசம் விழத்தான் வேணும். ஏறுறதுக்கு ஃப்ளெக்சிபிள், இறங்கிறதுக்கு இல்ல. ஒரேயடியாக் கட்டுற பொலிசியும் இருக்கு, வருசத்துக்கு ஒருக்காக் கட்டுறதும் இருக்கு, அண்ணைக்கு சரிவந்தா அதுதான். கட்டணம் தவறினா எத்தினை நாள் தவணை, எத்தினை வருசம் கட்டினாப் பிறகு பெய்ட்அப் ஆகும் (மேல கட்டாட்டிலும் குறைஞ்ச தொகைக்கு பொலிசி நிக்கும்), சரண்டர் அட்டவணை எந்தப் பக்கத்தில, இந்த மூண்டையும் பத்திரத்தில விரல் வைச்சுக் காட்டச் சொல்லுங்கோ. பத்திரம் கைக்கு வந்து 21 நாளுக்குள்ள வேண்டாம் எண்டு திருப்பிக் குடுக்கலாம், இதை எங்கட ஆக்களுக்கு ஆருமே சொல்லுறேல்ல.

இன்னொண்டு. நீங்கள் ட்ரோன் தூக்கிற ஆள், மோட்டசைக்கிளில நடுச்சாமம் வீட்ட வாற ஆள். கை கால் ஏலாம போனா பென்சனுக்கு சேக்கிறது எப்பிடி? அதுக்கு மட்டும் ஒரு சின்ன உயிர்க் காப்பு, விபத்துக் காப்பு தனியா எடுங்கோ, அது மலிவு, முதலீடு கலக்காதது. எனக்கு அதில கொமிசன் குறைய, இருந்தும் சொல்லுறன்.

படப்பெட்டி:

தம்பி நீர் அப்ப எங்க இருந்தனீர் 2019 இல 🙏

கணக்குப்பிள்ளை அண்ணை, நான் 2008 தொடக்கம் மூண்டரை வருசம் கொழும்பில ஒரு கலர் லாப்பில நிண்டனான், ஈபிஎஃப் வெட்டினவை. அதை நான் மறந்தே போனன். அந்த நம்பர் எங்கயோ பழைய சம்பளத் துண்டில கிடக்கும்.

தங்கச்சி_ஹரோ:

நான் லண்டனில இருந்து எழுதுறன், பிறந்தது இணுவில். இங்க என்ர அவர் மினிகாப் ஓடுறவர், அவருக்கும் உங்கட பிரச்சினைதான், சில மாசம் நல்லா ஓடும் சில மாசம் கார் ரிப்பெயருக்கே போயிடும். இங்க எப்பிடி எண்டு சொல்லுறன், உங்களுக்கு ஒப்பிட்டுப் பாக்க உதவும்.

இங்க 2001 இல ஸ்ரேக்ஹோல்டர் பென்சன் எண்டு ஒண்டு கொண்டு வந்தவை, வருமானம் ஒழுங்கில்லாத ஆக்களையும் நினைச்சு. ஆகக் குறைஞ்சது 20 பவுண்ஸ் கட்டலாம் (லண்டன் காசு, வாத்தியார் ஐயாவின்ர பவுண் இல்ல), நிப்பாட்டலாம், திருப்பித் தொடங்கலாம், தண்டம் போடக்கூடாது எண்டு சட்டம். கொம்பனி எடுக்கிற கட்டணமும் முதல் பத்து வருசம் வருசத்துக்கு ஒண்டரை வீதத்துக்கு மேல எடுக்கக்கூடாது, பிறகு ஒரு வீதம். இப்ப கன பேர் சிப் எண்டுற தனிப் பென்சன்தான் வைச்சிருக்கினம், போனிலயே விரும்பின நேரம் விரும்பின தொகை போடலாம். இவர் மாசம் மாசம் கட்டுறேல்ல, பங்குனி கடைசியில கணக்கு முடிச்சுப் பாத்து மிஞ்சினதை மொத்தமாப் போடுவார், ஏனெண்டா இங்க வரி வருசம் சித்திரை 5 ஆம் திகதி முடியும். 80 போட்டா அரசாங்கம் 20 சேத்து 100 ஆக்கும். எனக்கு வேலை இல்லாத வருசமும் 2,880 போட்டா 3,600 ஆகும். ஆனா 55 வயசுக்கு முன்னம் தொடேலாது, 2028 சித்திரையில இருந்து அது 57 ஆகுது.

இதை நீங்கள் அங்க இருந்து திறக்கேலாது, இங்க இருக்கிற ஆக்களுக்குத்தான் அந்தச் சலுகை. நான் சொல்ல வந்தது வேற. அந்தத் தொடேலாத பூட்டுத்தான் இவரைக் காப்பாத்தினது. தங்கச்சியின்ர கலியாணத்துக்கு ஊருக்குக் காசு அனுப்பேக்க வீட்டில இருந்த எல்லாச் சேமிப்பும் போச்சு, பென்சன் மட்டும் மிஞ்சினது, அவர் குடுக்க மனமில்லாம இல்ல, எடுக்கேலாது அதால. ஃப்ளெக்சிபிள் எண்டு தேடேக்க போடுறதுக்கு ஃப்ளெக்சிபிளா இருக்கோணும், எடுக்கிறதுக்கு இருக்கக்கூடாது. எங்கட ஆக்களிட்ட கையில காசு இருக்கெண்டு தெரிஞ்சா கேக்க ஆள் வரும்.

கணக்குப்பிள்ளை:

தங்கச்சி சொன்ன கடைசி விசயம் முக்கியம், அதை நான் விட்டிட்டன். மிச்சம் எழுதுறன்.

எங்கட நாட்டில லண்டன் மாதிரி அரசாங்கம் காசு சேத்துக் குடுக்கிற தனிப் பென்சன் இல்ல. அப்ப நாங்களே துண்டு துண்டாக் கட்டி எழுப்போணும். எஃப்டி எண்டால் காசு வந்த மாசம் ஒரு எஃப்டி போடலாம், வராத மாசம் ஒருத்தரும் கேக்கமாட்டினம், ஆடி மாசக் கேள்விக்கு முழுப் புள்ளி. வட்டிதான் ஒரு நிலையில நிக்காது, 2022 கடைசியில 20 வீதத்துக்கு மேல தந்தவை, பிறகு 8 க்கு கிட்ட வந்திட்டுது. ஒரே எஃப்டியாப் போடாமல் ஒவ்வொரு சீசனுக்கும் ஒண்டு எண்டு போடும், அப்ப அவசரத்துக்கு ஒண்டை உடைச்சா மற்றது தப்பும். கூட வட்டி எண்டு தெரியாத பைனான்ஸ் கொம்பனிக்கு ஓடாதேயும், மத்திய வங்கியின்ர லைசன்ஸ் பட்டியலில பேர் இருக்கோ எண்டு முதல்ல பாரும். வைப்புக் காப்புறுதி, அதாவது அந்த நிறுவனம் முறிஞ்சா திரும்பக் கிடைக்கிற காசு, ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனத்தில 11 லட்சம் வரைக்கும்தான். தேசிய சேமிப்பு வங்கி எண்டால் முழுத்தொகைக்கும் அரசாங்க உத்தரவாதம்.

யூனிற் ட்ரஸ்ற் எண்டு ஒண்டு இருக்கு, எங்கட பக்கம் ஆக்களுக்குப் பெரிசாத் தெரியாது. பல பேரின்ர காசைச் சேத்து திறைசேரி உண்டியல் (அரசாங்கம் வாங்கிற குறுங்காலக் கடன்), வைப்பு, பங்கு எண்டு போடுறது, பங்குச் சந்தையை மேற்பார்வை செய்யிற எஸ்ஈசியின்ர லைசன்ஸ் உள்ள கொம்பனியள் நடத்தினம், காசு தனியா, ட்ரஸ்ரி எண்டு பொறுப்பா நிக்கிற ஒரு பாங்கில இருக்கும். நினைச்ச நேரம் நினைச்ச தொகை போடலாம். மணி மாக்கற் ஃபண்ட், குறுங்காலக் கடனிலயும் வைப்பிலயும் போடுறது, அமைதியானது, பங்கு ஃபண்ட் ஏறும் இறங்கும், ஆனா 22 வருசம் இருக்கிற ஆள் ஒரு சின்னப் பங்கு அதில வைக்காட்டி விலைவாசியை ஓடிப் பிடிக்கிறது கஷ்டம். உத்தரவாதம் இல்ல, அதையும் சொல்லிப்போட்டன்.

கணக்கு ஒண்டு போட்டுப் பாத்தன். வருசம் 3 லட்சம், அது தையில ரெண்டு ஆவணியில ஒண்டு எண்டு எப்பிடி வந்தாலும் சரி, 8 வீதத்தில 22 வருசம் எண்டால் 1 கோடி 66 லட்சம். கேக்க வடிவா இருக்கு என்ன. விலைவாசி வருசம் 5 வீதம் ஏறுது எண்டு வைச்சா அது இண்டையக் காசில 57 லட்சம். மாசம் 30,000 இண்டையப் பெறுமதிக்கு எடுத்தா, மிச்சம் வட்டியில கிடக்க, உமக்கு 81 வயசு மட்டும் ஓடும். அதே 3 லட்சத்தை ஒவ்வொரு வருசமும் 5 வீதம் கூட்டிக் கட்டினீர் எண்டால், நீரும் கலியாணத்துக்கு ரேற் கூட்டத்தானே போறீர், இண்டையக் காசில 86 லட்சத்துக்கு கிட்ட வரும். ஏஜென்ற் காட்டின கலர் பேப்பரும் இப்பிடித்தான் இருந்திருக்கும், அதால 8 உம் 5 உம் நான் வைச்ச நம்பர் எண்டு ஞாபகம் வைச்சிரும்.

வட்டிக்கு 2025 சித்திரையில இருந்து பாங்கில 10 வீதம் வரி பிடிக்கினம், முந்தி 5. உம்மட வருமானம் எல்லாம் சேத்து வருசம் 18 லட்சத்துக்குக் கீழ எண்டால் பாங்கில ஒரு சுயபிரகடனப் படிவம் குடும், பிடிக்கமாட்டினம். ரின் நம்பர் (வரி இலக்கம்) எடுத்து வையும்.

படப்பெட்டி:

அண்ணை உங்களுக்கு ஒரு கலியாணம் ஃப்ரீயா எடுத்துத் தரோணும்.

எல்லாம் வாசிச்சு மனிசிக்கும் வாசிச்சுக் காட்டினன். இப்ப நினைக்கிறது, அட்வான்ஸ் வாற அண்டைக்கே அதில நூற்றுக்கு 20 வேற கணக்குக்குப் போகும், மிச்சம்தான் எங்கட காசு. ஆடிக்கும் மார்கழிக்கும் வீட்டுச் செலவு ஒண்டரை லட்சம் அதில எப்பவும் கிடக்கோணும், அதுக்கு மேல போனது எஃப்டிக்கும் யூனிற் ட்ரஸ்றுக்கும். சமூகப் பாதுகாப்புச் சபையில மனிசியும் நானும் சின்னனா ஒண்டு, தையில ஒரேயடியா. பவுண் கொஞ்சம் இருக்கு ஐயா, நாலு பவுண். அது ட்ரோன் வாங்கேக்க அடகு வைச்சது, மாசியில தவணை முடியுது.

கணக்குப்பிள்ளை:

பொறும் பொறும். அடகுக்கு என்ன வட்டி?

படப்பெட்டி:

நூற்றுக்கு 13. வட்டி மட்டும் கட்டி ரெண்டு தரம் மாத்தி வைச்சிட்டன்.

கணக்குப்பிள்ளை:

இதை முதல் போஸ்ற்றிலயே எல்லே எழுதியிருக்கோணும் தம்பி! 13 குடுத்துக்கொண்டு 8 க்கு எஃப்டி போடுறது, ஓட்டை வாளியோட கிணத்தடியில நிக்கிற கதை. முழுத் திட்டத்தையும் மூண்டு மாசம் தள்ளி வையும். தையில வாற முதல் காசு அடகுக்கு, 13 வீதம் தாற எஃப்டியை நான் இப்ப எங்கயும் காணேல்ல. அது முடிய ஒண்டரை லட்சம். பிறகுதான் மிச்சம் எல்லாம்.

பழைய_வாத்தி:

அடகில கிடக்கிறதையோ பவுண் எண்டு சொன்னனீ? மீட்டுக்கொண்டு வந்து வீட்டில வை.

தையல்மெசின்:

வீட்டில வேண்டாம் ஐயா, இப்ப கள்ளர் கூட. 

படப்பெட்டி:

சரி, தை 10 க்குள்ள ரெண்டு கலியாணக் காசு கைக்கு வரும், அப்ப போறன். பழைய சம்பளத் துண்டும் கண்டுபிடிச்சிட்டன், ஈபிஎஃப் நம்பர் இருக்கு, லாப் முதலாளி காசை ஒழுங்காக் கட்டினவரோ எண்டு தொழில் கந்தோரில கேக்கோணும்.

கணக்குப்பிள்ளை:

கேளும். ஐடியில இருக்கிற பேரும் அந்தத் துண்டில இருக்கிற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்டோ எண்டு பாத்துக்கொண்டு போம், இங்கிலிசில ஒரு எழுத்து மாறினாலும் அலைவீர். அடகு மீட்கப் போகேக்க துண்டையும் ஐடியையும் எடுத்துக்கொண்டு காலமை பாங் திறக்கவே போய் நில்லும். தையில எல்லாரும் கலியாணத்துக்கு நகை எடுக்க வந்து நிப்பினம், பிந்திப் போனீர் எண்டால் உம்மட கஸ்ரமர் ஒராளும் அந்த லைனில நிப்பினம்.